சோதனை முடிவு வருமுன் தீர்ந்துவிடும் மருந்து: மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் மருந்துக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மருத்துவமனை மருந்தகம் என்றதும் உங்களில் பலருக்கு நினைவு வருவது, சீட்டை நீட்டி மாத்திரை வாங்கும் சாளரம்தான். அந்தச் சாளரத்துக்குப் பின்னால், வாய்ப்பு இருந்தால் ஒரு சிறிய அறையில், இல்லையென்றால் ஒரு மேசையின் ஓரத்தில், எந்தக் கடையிலும் கிடைக்காத மருந்துகளை நாங்கள் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். கருவிழிப் புண்ணோடு வந்தவருக்கு இரவு பகலாக மணிக்கொரு முறை விடவேண்டிய, செறிவு கூட்டிய ஆன்டிபயாடிக் சொட்டு. கண்புரை அறுவை முடிந்ததும் கண்ணுக்குள் செலுத்தும் 0.1 மில்லிலிட்டர் ஊசி; பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு ஏற்ற அளவில் நீர்த்துத் தரவேண்டிய ஜென்டாமைசின் என்று அந்த மேசையில் உருவாகும் மருந்துகள் பல. இந்த மடல் அந்த மேசையைப் பற்றியது.

இந்த வேலை நேற்று முளைத்ததும் அல்ல. பென்சிலினால் குணமடைந்ததாக ஆவணம் உள்ள முதல் நோயாளிகள், 1930ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கண் தொற்றோடு பிறந்த குழந்தைகள். சிசில் பெய்ன் என்ற மருத்துவர், பென்சிலினைக் கண்டறிந்த ஃபிளெமிங்கிடமிருந்து பெற்ற பூஞ்சையைத் தாமே வளர்த்து, அந்த வளர்ப்புத் திரவத்தையே அவர்களுடைய கண்களுக்கு மருந்தாக்கினார். தொழிற்சாலைப் பென்சிலின் வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் இருந்த காலம் அது. ஆன்டிபயாடிக்கின் கதையே ஒரு மருத்துவமனையில் கையால் தயாரித்த கண் மருந்தில்தான் தொடங்குகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் தொழில் பெருமையும் உண்டு.

இத்தனை மருந்து நிறுவனங்கள் இருக்கும்போது இன்னும் ஏன் கையால் தயாரிக்க வேண்டும் என்று குழுக் கூட்டங்களில் கேட்கப்படுவதுண்டு. கடையில் கிடைக்கும் டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக் சொட்டில் மருந்து 0.3 சதவீதம், அதாவது மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம். சாதாரணக் கண் தொற்றுக்கு அது போதும். கருவிழியைக் குடைந்துகொண்டு போகும் புண்ணுக்குப் பல நேரங்களில் அது போதாது. எனவே 15 மி.கி. மருந்து கொண்ட 5 மி.லி. புட்டியைத் திறந்து, மி.லி.க்கு 40 மி.கி. உள்ள ஊசி மருந்தில் 2 மி.லி. எடுத்துச் சேர்க்கிறோம். 7 மி.லி.யில் 95 மி.கி., அதாவது மி.லி.க்கு ஏறத்தாழ 13.6 மி.கி. என்று செறிவு நான்கு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக்கில் நிலைமை வேறு. 500 மி.கி. தூளை 10 மி.லி. திரவத்தில் கரைத்தால் 5 சதவீதச் சொட்டு கிடைக்கும். ஆனால் நீரில் கரைந்த நொடியிலிருந்தே மருந்தின் மூலக்கூறு சிதையத் தொடங்குகிறது. குளிரில் வைத்தாலும் நாட்கணக்கில்தான் தாங்கும். வெளியே வைத்தால் மஞ்சள் ஏறிக்கொண்டே போகும். இத்தனை குறைந்த ஆயுள் உள்ள பொருளைத் தொழிற்சாலையில் நிரப்பி, லாரியில் ஏற்றி, கடையில் அடுக்கி விற்க முடியாது. ஆகவே அது நோயாளிக்கு அருகில், அவர் பெயருக்கு, அன்றன்று தயாராக வேண்டியிருக்கிறது.

கணக்கு எளிது, கைவேலைதான் கடினம். குப்பியின் ரப்பர் மூடியை ஆல்கஹாலால் துடைத்தபின் அது உலரும்வரை காத்திருக்க வேண்டும், ஏனென்றால் கிருமி சாவதற்கு ஈரம் படிந்திருக்கும் அந்தச் சில நொடிகள் தேவை. ஊசியைச் சற்றே சாய்த்து நுழைக்க வேண்டும். நேராகக் குத்தினால் ரப்பரில் ஒரு துணுக்கு கழன்று மருந்துக்குள் விழுந்துவிடும். வடிகட்டிய காற்றைச் சீராக வீசும் கேபினெட்டுக்குள்தான் இந்த வேலை; அதன் வடிகட்டியிலிருந்து வரும் தூய காற்றுக்கும் குப்பியின் வாய்க்கும் நடுவே கை வரவே கூடாது; கையுறை போட்டிருந்தாலும் கை கைதான். கேபினெட்டின் விளிம்பில் அல்ல, குறைந்தது 15 செ.மீ. உள்ளே தள்ளி வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். பாக்டீரியாவைத் தடுக்கும் 0.22 மைக்ரான் நுண்துளை வடிகட்டி வழியாகச் செலுத்தியிருந்தால், வேலை முடிந்ததும் அந்த வடிகட்டி கிழியாமல் இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். பழகிய கைக்கு இதெல்லாம் நிமிடங்களில் முடியும் வேலைதான், இடையில் தொலைபேசி அடிக்காதவரை.

நான் சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. இப்படித் தயாரான புட்டியைக் கையில் எடுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும், அது சரியாகத் தயாரானதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. கிருமி புகுந்த சொட்டும் புகாத சொட்டும் ஒரே மாதிரித் தெளிவாக இருக்கும். பத்து மடங்கு கூடிய செறிவும் பல நேரம் நீர் போலவே தெரியும். ஆய்வகத்துக்கு அனுப்பலாமே என்றால், கிருமியின்மைச் சோதனைக்கு மாதிரியை 14 நாட்கள் வளர்ப்பு ஊடகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முடிவு வரும்போது புட்டி காலியாகியிருக்கும், அந்தக் கண்ணின் கதியும் தீர்மானமாகியிருக்கும். தொழிற்சாலைக்குக் கிடைக்கும் அவகாசம், அதாவது முடிவு வரும்வரை சரக்கைக் கிடங்கில் நிறுத்திவைக்கும் வசதி, எங்களுக்கு ஒருபோதும் கிடையாது. எங்கள் மருந்தின் தரத்துக்குச் சான்று அதைத் தயாரித்த முறை மட்டுமே. முறைக்கு வேண்டியவை அறை, ஆள், நேரம் ஆகிய மூன்றும். இந்த மூன்றும் இருப்பது உங்கள் கையில்.

இங்கே வழக்கமாக எழும் மறுப்பு ஒன்றுக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். “ஆன்டிபயாடிக்தானே, அதற்குள் கிருமி எப்படி வாழும்?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். வான்கோமைசின் சொட்டில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா விழுந்தால், அந்த மருந்தால் அதை ஒன்றும் செய்ய முடியாது. அந்த வகைப் பாக்டீரியாவின் வெளிச்சவ்வைத் தாண்டி உள்ளே போகவே அதற்கு இயலாது. செஃபசோலினும் சூடோமோனாஸிடம் தோற்றுத்தான் போகிறது. அதே சூடோமோனாஸ்தான் கருவிழியை ஓரிரு நாட்களில் கரைத்துவிடக்கூடிய கிருமி. பூஞ்சைக்கோ எந்த ஆன்டிபயாடிக்கும் ஒரு பொருட்டே அல்ல. செத்த பாக்டீரியா விட்டுச்செல்லும் எண்டோடாக்சின் என்ற நச்சுக்கு உயிரே இல்லாததால் அதைக் கொல்லவும் வழியில்லை, வடிகட்டியாலும் அது நிற்காது. கண்ணின் முன்னறைக்குள் சென்றால் கிருமியே இல்லாமல் கடும் அழற்சியைக் கிளப்பும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஆன்டிபயாடிக் கலந்த மாதிரியை அப்படியே ஊடகத்தில் இட்டால், மருந்தே கிருமியின் வளர்ச்சியை அடக்கிவைத்து, சோதனை பொய்யாகத் தேறிவிடும். முதலில் சவ்வு வடிகட்டியில் பிடித்து, மருந்தைக் கழுவி நீக்கிவிட்டுத்தான் வளர்க்க வேண்டும். ஆகவே “எங்கள் மாதிரிகள் எல்லாம் தேறிவிட்டன” என்று ஒரு மருந்தகம் சொன்னால், எப்படிச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள்.

மேலும், நிறுவனச் சொட்டுகளில் கிருமி வளராமல் காக்கும் பதனப்பொருள் எங்கள் தயாரிப்புகள் பலவற்றில் இருக்காது. பென்சல்கோனியம் குளோரைடு போன்றவை புண்பட்ட கருவிழியின் மேற்படலத்தை மேலும் நோகடிக்கும். கண்ணுக்குள் செலுத்தும் ஊசியில் அவை இருக்கவே கூடாது. எனவே தயாரிக்கும்போது தவறி நுழைந்த ஒரு கிருமியைப் பின்னால் இருந்து தடுக்க உள்ளே யாரும் இல்லை.

முறை தவறினால் என்னவாகும் என்பதற்கு அண்மைக்கால வரலாற்றில் சான்று இருக்கிறது. 2012இல் அமெரிக்காவில், தனிப்பயன் மருந்து தயாரிக்கும் ஒரு மருந்தகத்திலிருந்து சென்ற ஸ்டீராய்டு ஊசியில் பூஞ்சை கலந்து, 20 மாநிலங்களில் 750 பேருக்கும் மேல் நோயுற்று, 60 பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள். அந்த ஊசியின் சில தொகுதிகள் கிருமியின்மைச் சோதனையின் முடிவு வருமுன்பே வெளியே அனுப்பப்பட்டிருந்தன. அது ஆன்டிபயாடிக் அல்ல, எங்களைப் போன்ற சிறு மருந்தகமும் அல்ல என்பது உண்மைதான். ஆனால் முடிவுக்குக் காத்திராமல் மருந்தை அனுப்பியது அங்கே குற்றச்சாட்டுகளில் ஒன்று. இங்கே அதுதான் அன்றாடம். அதனாலேயே நமக்கு முறையில் கூடுதல் கண்டிப்பு வேண்டும் என்கிறேன்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் இங்கே பதிவு செய்கிறேன், ஏனென்றால் இரண்டாவது ஆள் வேண்டும் என்று நான் கேட்பது ஏட்டைப் படித்து அல்ல. கண்புரை அறுவையின் முடிவில் செஃபுராக்சிம் என்ற ஆன்டிபயாடிக் ஊசியைக் கண்ணுக்குள் செலுத்தினால் உட்கண் தொற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று 2007இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. தேவையான அளவு 0.1 மி.லி.யில் 1 மி.கி. மட்டுமே. கிடைப்பதோ தசையிலும் இரத்தக் குழாயிலும் போடுவதற்கான 750 மி.கி. குப்பி. அதை 7.5 மி.லி. சலைனில் கரைத்தால் மி.லி.க்கு 100 மி.கி.; அதில் 1 மி.லி. எடுத்து மேலும் 9 மி.லி. சலைன் சேர்த்தால் மி.லி.க்கு 10 மி.கி.; இந்த இரண்டாவது திரவத்தில் 0.1 மி.லி.தான் கண்ணுக்குப் போக வேண்டியது. நான் முன்பு பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், ஒரு காலை, அறுவை அரங்கிலிருந்து மூன்றாவது முறையாக அழைப்பு வந்தபோது முதல் திரவத்தை முடித்திருந்தேன். பேசிவிட்டு வந்து, அதிலிருந்தே சிறிய சிரிஞ்ச்களை நிரப்பத் தொடங்கிவிட்டேன். அருகில் பணிப்பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்த இளம் மருந்தாளுநர், “சார், பத்துக்கு ஒண்ணு போட்டாச்சா? இங்கே அந்தக் கட்டம் காலியா இருக்கே,” என்று கேட்டார். அந்தக் கேள்வி வராதிருந்தால் அன்றைய பட்டியலில் இருந்த ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் பத்து மடங்கு மருந்து போயிருக்கும். இப்படி நீர்த்தலில் நேர்ந்த பிழையால் விழித்திரை வீங்கிப் பார்வை பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வெளியாகியிருக்கிறது. என்னைக் காப்பாற்றியது என் அனுபவம் அல்ல. காலியாக இருந்த ஒரு கட்டமும், அதைக் கேட்கத் தயங்காத ஒருவரும்தான்.

இரவில் அந்த ஒருவர் இருப்பதில்லை. அறுவைக்குப் பிந்தைய உட்கண் தொற்று நேரம் பார்த்தா வருகிறது? வந்த சில மணி நேரத்துக்குள் 0.1 மி.லி.யில் 1 மி.கி. வான்கோமைசினும், 0.1 மி.லி.யில் 2.25 மி.கி. செஃப்டாசிடிமும் கண்ணின் உட்கூழுக்குள் செல்ல வேண்டும், அதுவும் தனித்தனி சிரிஞ்ச்களில், ஏனென்றால் இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் வெண்மையாக வீழ்படிந்துவிடும். இத்தனை நுட்பமான வேலையை, வெளிநோயாளிச் சீட்டுகளுக்கும் நடுவே, தனியாக, தூக்கக் கலக்கத்தில் ஒருவர் செய்ய வேண்டும் என்று எந்தப் பணிப்பட்டியல் எதிர்பார்க்கிறதோ அதைத் தயாரித்தவர் ஒருநாள் எங்களோடு இரவுப் பணிக்கு வந்து பார்க்கலாம்.

வார்டுகளில் கலக்கப்படும் ஊசி மருந்துகளுக்கும் வருகிறேன். செவிலியர்களைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. பத்துப் படுக்கைக்கு ஒருவராக நின்றுகொண்டு, ஒரு கையில் டிரிப்பும் மறுகையில் குப்பியுமாக அவர்கள் செய்யும் வேலையில் பாதி எங்கள் அறையில் நடந்திருக்க வேண்டியது. செஃப்ட்ரியாக்சோனைக் கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப் திரவத்தில் கலந்தால் வீழ்படிவு உண்டாகும். பச்சிளங்குழந்தைகளில் இது உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கிறது. ஆம்பிசிலின் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை) திரவத்தில் விரைவாகச் சிதையும். பூஞ்சைக்கான ஆம்ஃபோடெரிசினுக்கோ நேர்மாறாக டெக்ஸ்ட்ரோஸ்தான் வேண்டும், சலைன் பட்டால் கெட்டுவிடும். வான்கோமைசினைக் குறைந்தது ஒரு மணி நேரமாவது எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஏற்றாவிட்டால் உடல் சிவந்து இரத்த அழுத்தம் இறங்கும். 2.5 கிலோ குழந்தைக்கு 10 மி.கி. ஜென்டாமைசின் என்றால், மி.லி.க்கு 40 மி.கி. உள்ள குப்பியிலிருந்து எடுக்க வேண்டியது 0.25 மி.லி.; சிரிஞ்சில் ஒரு கோடு தவறினாலும் குழந்தையின் சிறுநீரகமும் செவியும் விலை கொடுக்க நேரலாம். இவை எல்லாவற்றையும் நள்ளிரவில் நினைவிலிருந்தே செய்யச் சொல்வது நியாயம்தானா? உடனே போட வேண்டிய அவசர ஊசியை வார்டில் கலப்பதை நான் எதிர்க்கவில்லை. கலக்கத் தொடங்கிய 4 மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்கிவிட வேண்டும் என்ற வரம்போடு அமெரிக்க மருந்துத் தரநூலே அதை அனுமதிக்கிறது. காலையிலேயே கலந்து மாலைவரை மேசையில் நிற்கும் சிரிஞ்ச்களைத்தான் எதிர்க்கிறேன். பெயரும் நேரமும் எழுதாமல், “கண் சொட்டு” என்று மட்டும் பிளாஸ்திரியில் கிறுக்கி வார்டு ஃபிரிட்ஜில் மஞ்சளித்துக் கிடக்கும் புட்டிகளையும்.

கருவி வாங்கிக் கொடுத்துவிட்டோமே என்று நீங்கள் சொல்லலாம். பல இடங்களில் வாங்கித்தான் கொடுத்திருக்கிறீர்கள். லேமினார் ஃப்ளோ கேபினெட் வந்திறங்கிய நாளில் ரிப்பன் வெட்டப்பட்டது, படமும் எடுக்கப்பட்டது. அதன் வடிகட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பதற்கான ஒப்பந்தம் மட்டும் கையெழுத்தாகவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே கேபினெட்டுக்குள் சலைன் பெட்டிகள் அடுக்கியிருப்பதை, இடம் இல்லாத கொடுமையால், நானே பார்த்திருக்கிறேன். பெட்டி மறைத்த பிறகு அங்கே வீசுவது வெறும் மின்விசிறிக் காற்றுதான். உள்ளே ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரான் அல்லது அதற்குப் பெரிய துகள்கள் 3,520ஐத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. சாதாரண அறைக் காற்றில் அது கோடிக் கணக்கில் இருக்கலாம். இந்த வேறுபாட்டையும் கண்ணால் பார்க்க முடியாது, கருவியால் அளந்தால்தான் தெரியும். தயாரிப்பவரின் கையும் அப்படித்தான். மருந்துக்குப் பதிலாக வளர்ப்பு ஊடகத்தை அதே படிகளில் குப்பிக்குக் குப்பி மாற்றச் சொல்லி, 14 நாள் வைத்துப் பாருங்கள். கலங்கினால் அந்தக் கைக்கு, என் கையாகவே இருந்தாலும், மறுபயிற்சி தரும்வரை வேலை தராதீர்கள். இந்தச் சோதனைக்குச் செலவு அதிகம் இல்லை, நோயாளி யாருக்கும் ஆபத்தும் இல்லை. இருந்தும் ஏனோ எங்கும் கடைசியாகத்தான் செய்யப்படுகிறது.

நான் கேட்பவை வருமாறு. கதவு மூடும் ஓர் அறை. அதில் சான்று காலாவதியாகாத ஒரு கேபினெட். எந்த நேரமானாலும் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்துக் கையெழுத்திட இரண்டாவது ஒருவர். இரவுக்கு மருந்தாளுநர் கிடைக்காவிட்டால், பயிற்சி பெற்ற செவிலியரோ பணி மருத்துவரோ கூட அந்த இரண்டாவது ஆளாக இருக்கலாம். தயாரித்துக்கொண்டிருப்பவரை அழைப்பு எட்டக்கூடாது. அதை அறைக்கு வெளியே வேறொருவர் எடுக்கட்டும். ஒவ்வொரு தயாரிப்புக்கும் கணக்கு, குப்பியின் தொகுதி எண், நேரம், இரு கையெழுத்து ஆகியவற்றோடு ஒரு பணித்தாள் கட்டாயமாகட்டும், வெளியே போகும் புட்டியில் செறிவும் எந்த நேரம்வரை பயன்படுத்தலாம் என்பதும் தெளிவாக அச்சாகட்டும். இவற்றைத் தர இயலாத சிறிய மருத்துவமனைகள் அதை வெட்கப்படாமல் சொல்லிவிட்டு, வசதி உள்ள அருகிலுள்ள மருத்துவமனையில் தயாரித்து வாங்கிக்கொள்ளட்டும். கண்ணுக்கென்றே தனியாக வரும் 50 மி.கி. செஃபுராக்சிம் குப்பி கிடைக்கும் நாடுகளில், விலை கூடுதல் என்று அதை ஒதுக்காமல் வாங்கட்டும். நீர்த்தலில் ஒரு படி குறைந்தாலே பிழைக்கான ஒரு வாசல் அடைபடுகிறது.

இவை அனைத்தையும் ஒரே ஆண்டில் தருவது கடினம் என்று எனக்கும் தெரியும். ஒன்றைத்தான் முதலில் தர முடியும் என்றால் அறையையோ கருவியையோ கேட்கமாட்டேன். இரவுப் பணியில் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க ஓர் ஆளைத் தாருங்கள். உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு ஒரு வரி இடம் ஒதுக்கி, முடிவை எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருத்துவமனை மருந்தாளுநர் ஒருவர்